ஊதா நாக்குக் கமிட்டி

எங்கள் பள்ளியில் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறை மிகவும் எளிமையானது. தலைமையாசிரியர் புத்தகத்தை மேசைக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு கையை விட்டுவிடுவார். ‘தொப்’பென்று விழுந்தால் நல்ல புத்தகம். ‘சப்’பென்று விழுந்தால் திருப்பி அனுப்ப வேண்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “பைண்டிங்கே பேசுது பாருங்க டீச்சர்” என்பார். அது என்ன பேசியது என்று எனக்குக் கடைசிவரை கேட்கவில்லை.

தலைமையாசிரியர் ஆவதற்கு முன்னால் அவர் டிரில் மாஸ்டராக இருந்தவர். அதனால் தேர்வான புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் உயரவாரியாக நிற்கும். குள்ளமான புத்தகம் முன்வரிசை, நெட்டையான புத்தகம் பின்வரிசை. சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். பிள்ளைகள் இடைவேளையில் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு தலைப்புகளைப் படிப்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் அத்தனை தலைப்பையும் வரிசையாக ஒப்பிப்பாள். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

இது எழுபதுகளில். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. பாதைக்கு ஒரு பக்கம் நெல்வயல், இன்னொரு பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. பிள்ளைகளில் ஒரு பங்கு பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீனவக் குப்பங்களிலிருந்து வருவார்கள். இன்னொரு பங்கு வயலில் கூலி வேலை செய்த குடும்பங்கள். அதில் சிலர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள், சிலர் மாதா கோயிலுக்குப் போவார்கள், சிலர் கூழ் ஊற்றும் நாளில் இரண்டுக்கும் போவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் உண்டு. அலமாரியில் இருந்த புத்தகங்களிலோ எல்லாச் சிறுவனுக்கும் ஒரு பங்களா, ஒரு நாய், வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் ஒரு மாமா. எங்கள் பிள்ளைகளுக்கு மாமாக்கள் நிறைய உண்டு. யாரும் பொன்னேரியைத் தாண்டியதில்லை.

நானும் கூலி வேலை செய்த வீட்டுப் பெண்தான். அறுபதுகளில் திருவள்ளூரில் விடுதியில் தங்கி எட்டாவது படித்தேன். அந்தப் பள்ளி நூலகத்தில் எங்களைப் போன்றவர்கள் வரும் கதைகள் நாலைந்து இருந்தன. எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் ஆள் மூன்றாம் பக்கத்தில் கோவணத்தோடு வருவார். பதினோராம் பக்கத்தில் செத்துப்போவார். ஒரு கதையில் பாம்பு கடித்து, ஒரு கதையில் கிணறு இடிந்து, ஒரு கதையில் பண்ணையாரின் குழந்தையை மாட்டிடமிருந்து காப்பாற்றி, மற்றதெல்லாம் இருமி. சாகும்போது பண்ணையாருக்கு நன்றியும் சொல்லுவார்.

இதைப் படித்துப் படித்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா, அதாவது என் அப்பா, விடுதிக்கு என்னைப் பார்க்க வருவார். வந்ததும் முதலில் அவர் இருமுகிறாரா என்று கவனிப்பேன். ஒருநாள் அவர் வாங்கி வந்த காராசேவு புரையேறி இரண்டு தடவை இருமினார். நான் விடுதி வாசலிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். காரம் எனக்கும் ஏறிவிட்டது என்று நினைத்து அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதனால், நான் டீச்சரானபோது எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. எங்கள் ஆள் கடைசிப் பக்கம்வரை உயிரோடிருக்கும் ஒரு புத்தகமாவது என் பள்ளி அலமாரியில் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் முப்பது புத்தகம் வாங்கிக்கொள்ள உத்தரவு வந்தது. பட்டணத்துப் புத்தகக் கடைக்காரர் ஒரு டிரங்குப் பெட்டியில் அறுபது புத்தகங்களை அனுப்பிவைத்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானப் பாசஞ்சரில் கடை ஆள் வந்து எடுத்துப்போவார். தலைமையாசிரியர் ஆசையாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபதையும் கீழே போட்டுப் பார்க்கத் தயாரானார். நான் குறுக்கே நின்றேன்.

“சார், இந்தத் தடவை படிச்சுப் பார்த்து எடுக்கலாம்.”

“படிச்சா? அறுபதையுமா?”

“நான் படிக்கிறேன் சார்.”

அவர் தாடையைச் சொறிந்தார். அவருக்குப் பழைய காயம் ஒன்று இருந்தது. முந்தின வருஷம் நன்றாகத் ‘தொப்’பென்று விழுந்த ஒரு புத்தகம் பேய்க்கதையாகப் போய்விட்டது. அதை எப்படியோ வாங்கிப் படித்த ஆறாம் வகுப்பு, ஒரு வாரம் தனியாக ஒன்றுக்குப் போக மறுத்தது. ஒருவனுக்கு வந்தால் நாற்பது பேரும் வரிசையாக எழுந்து போவார்கள். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

“சரி, நீங்க படிங்க. ஆனா பெற்றோர் மூணு பேரைக் கூப்பிட்டு ஒரு கமிட்டி போடுங்க. ஒவ்வொரு புத்தகத்திலயும் மூணு பேரும் கையெழுத்துப் போடணும். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் புத்தகம் பெட்டிக்குத் திரும்பிடும். அப்புறம் பேய் வந்தா அவங்க பாடு.”

நான் ஐந்து நாட்கள் சோறு தண்ணீர் மறந்து படித்தேன். ஐம்பத்தேழாவது புத்தகத்தில் அவர் கிடைத்தார். கூலி வேலை செய்கிறவர். ஒரு மகள். நூற்று இருபது பக்கம். நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினேன். உயிரோடு இருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். நான் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அட்டைக்கு ஒரு முத்தமும் கொடுத்தேன்.

கமிட்டிக்கு நானே ஆள் பிடித்தேன். ஒருவர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அம்மா. தலைப்புகளை ஒப்பித்த பெண்ணின் தாய். இன்னொருவர் பெரியபாளையம் கோயிலடியில் வளையல் கடை போடுகிறவர். ஆடி மாதம் முழுக்க அங்கேதான் இருப்பார், மற்ற நாளில் எங்கள் ஊர். மூன்றாவது, என் நைனா. என் தம்பி அப்போது ஏழாவது படித்தான், அதனால் அவரும் பெற்றோர்தான். வயல் வேலையை விட்டு ஒரு இரும்புக் கம்பெனியில் மூட்டைகளுக்கு நம்பர் எழுதும் வேலையில் இருந்தார். அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்டு, காலையில் சும்மாதான் இருந்தார். அந்த ஐம்பத்தேழாவது புத்தகத்தைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. கமிட்டியில் வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் வகுப்பு அறையில் கமிட்டி கூடியது. மூன்று பேரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். மீன்கார அம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்திருந்தார். ஐந்து நிமிஷத்தில் ஊர்ப் பூனைகள் எல்லாம் கமிட்டிக்கு வந்துவிட்டன. நைனா வீட்டில் என்னை “ஏய்” என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு எழுந்து நின்று “வணக்கம் டீச்சர்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் இருபத்தேழு புத்தகம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கிளி, யானை, காந்தம், கிரகணம், ராஜாக்கள். ராஜாக்களைப் பற்றி ஒன்பது புத்தகம். ஒரு எதிர்ப்பும் இல்லை. கமிட்டியில் ராஜா யாரும் இல்லை.

பிறகு மீனவர் கதையை வாசித்தேன். புயலில் போன கணவனுக்காக ஒரு பெண் கரையில் காத்திருக்கும் கதை. இரண்டாம் அத்தியாயத்தில் நின்றவள் ஆறாம் அத்தியாயத்திலும் நின்றாள். வளையல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நைனா “ச்சோ, ச்சோ” என்றார். மீன்கார அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“டீச்சரம்மா, இவ எப்பத்திலேர்ந்து நிக்கிறா?”

“காலையிலேர்ந்து.”

“அப்ப மீன யாரு வித்தது?”

கதையில் அது இல்லை.

“முந்தா நாள் புட்ச மீனு ஊட்ல கீதுன்னு எழுதிக்கீறான். இவ கரையில நின்னுகினு அழுதுகினு இருந்தா அது நாறிப் பூடாதா? புருசன் வரலன்னா கூடைய எடுத்துக்கினு ரயில புடிக்கறவதான் எங்காளு. அழுகையெல்லாம் ரயில்ல ஒக்காந்துகினு அழுவோம். இதுல நான் கைநாட்டு வைக்க மாட்டேன்.”

அடுத்தது வளையல்காரர் கதை. திருவிழாவில் ஒரு வளையல்காரன் ஏமாற்றுகிறான், அம்மன் அவன் கண்ணைப் பறித்துவிடுகிறாள், அவன் திருந்துகிறான். “நல்ல கதை” என்று நைனா உடனே கையைத் தூக்கினார். “நல்ல கதை” என்று மீன்கார அம்மாவும் சொன்னார். வளையல்காரர் முகம் சிவந்துவிட்டது.

“இன்னா நல்ல கதை? வளையல்காரன்னா திருடனா? கைக்கு மாட்டும்போது ஒடையற வளையலுக்கு நாங்க டப்பு வாங்குறதில்ல, தெரியுமா? கொழந்த கைய சோப்பு போட்டு, எண்ண போட்டு, பாட்டு பாடி மாட்டுறோம். அதப் போட்டானா இவன்?”

“எம் பொண்ணு வளையல் ரெண்டே நாள்ல ஒடஞ்சிச்சே” என்றார் மீன்கார அம்மா.

“மீன் கூடையில கைய வுட்டா ஒடையாம இன்னா செய்யும்?”

இருவரையும் பிரித்து உட்காரவைக்க எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எனக்குக் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழாவது இருக்கிறதே. அதை எடுத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன். மீன்கார அம்மா விசும்ப ஆரம்பித்தார். வளையல்காரர் சண்டையை மறந்து அவரிடமே துண்டைக் கொடுத்தார். நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

பக்கம் அறுபத்திரண்டில், நடவில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பண்ணையார் திட்டுகிறார். அந்த மனிதர் தலைகுனிந்து நிற்கிறார். கண்ணீர் சொட்டுச் சொட்டாக வயலில் விழுகிறது. நைனா கையைத் தூக்கினார்.

“டீச்சர், ஒரு டவுட்டு.”

“சொல்லுங்க.”

“இவன் இதோட எத்தினி தபா அழுதுட்டான்?”

நான் எண்ணியிருக்கவில்லை.

“ஒம்போது தபா. நான் எண்ணிக்கினே வரேன். இவன் அழுவுற அழுகையில மூணு போகம் வெளையும், டீச்சர். கெணறே வோணாம்.”

வளையல்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து நாள் தேடியிருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாகத் தேடியிருக்கிறேன் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். டீச்சர் என்பதை மறந்துவிட்டு மகளாகவே கத்தினேன்.

“நைனா, இவரு ஒருத்தருதான் கடைசிவரைக்கும் சாகலை. அது போதாதா?”

அவர் காதிலிருந்து விரலை எடுத்தார்.

“சாவாம இருந்தா போதுமா? நூத்தி இருவது பக்கத்துல ஒரு தபாகூட சிரிக்கலியேம்மா. நம்ப ஆளு யாராவது இப்டி கீறானா? இது நம்ப ஆளு இல்ல. நான் கையெழுத்து போட மாட்டேன்.”

அவர் சொன்னது சரி என்பது உடனே தெரிந்துவிட்டது. அதனாலேயே கோபம் இன்னும் அதிகமானது. எங்கள் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்காத சாயங்காலம் ஒன்றுகூட இருந்ததில்லை. சாவு வீட்டிலேயே யாராவது ஒருவர் செத்தவரைப் போலப் பேசிக்காட்டி நாலு பேரைச் சிரிக்கவைத்துவிடுவார். பெரும்பாலும் அது நைனாதான்.

இப்படியாக, மற்றவர்களைப் பற்றிய புத்தகத்துக்கு எல்லாரும் கண்ணீரோடு கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். தன்னைப் பற்றிய புத்தகத்துக்கு யாரும் போடமாட்டேன் என்றார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “ரெண்டு மணிக்கு ஆள் வந்துடுவார், டீச்சர். இந்த மூணையும் பெட்டியில போட்டுட்டு வேற மூணு எடுங்க. ராஜா புத்தகம் இன்னும் நாலு இருக்கே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் மூன்று புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏற்கனவே ஒன்பது தடவை என்று ஒருவர் எண்ணி வைத்திருக்கும் இடத்தில் பத்தாவதாக அழவும் முடியவில்லை. மீன்கார அம்மாதான் என் தோளைத் தட்டினார்.

“இன்னாத்துக்கு பேஜார் ஆவுற? தப்பா கீறத சரி பண்ணிட்டா போவுது. ஓரத்துல எடம் கீதில்ல? நான் சொல்றேன், நீ எழுது.”

நைனா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். கம்பெனியில் மூட்டைக்கு நம்பர் எழுதும் காப்பியிங் பென்சில். பார்க்கச் சாதாரணப் பென்சில் மாதிரிதான் சாம்பல் நிறத்தில் எழுதும். எனக்கு அதைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. மீனவர் கதையில், அவள் கரையில் நிற்கும் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: ‘இவள் காலை வண்டிக்கே கூடையோடு போய்விட்டாள். நின்றது அவளுடைய நாத்தனாராக இருக்கும்.’ நாத்தனாரைச் சேர்க்கச் சொன்னது மீன்கார அம்மா. அவருக்கு அவர் நாத்தனாரோடு என்ன விவகாரம் என்று நான் கேட்கவில்லை.

வளையல்காரர் தன் கதைக்குத் தானே எழுதினார். அம்மன் கண்ணைப் பறிக்கும் பக்கத்தில் நாலு ஓரமும் சுற்றி, வளையல் மாட்டும் முறையை முழுவதும் எழுதி, கடைசியில் ‘வாங்க, பாருங்க’ என்றும் போட்டார்.

பிறகு நைனாவின் முறை. பக்கம் அறுபத்திரண்டை விரித்து வைத்துக்கொண்டேன்.

“சொல்லுங்க, இவரு எப்ப சிரிச்சாரு?”

நைனா எங்கோ பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். “எங்க பண்ணையாரும் இப்டித்தான். எப்டி நட்டாலும் இங்க இடைவெளி, அங்க இடைவெளின்னு கொடைய புட்ச்சிகினு வரப்புல நிப்பாரு. ஒரு நாளு செருப்ப கயட்டி வரப்புல வுட்டுட்டு கிணத்தாண்ட போனாரு. நான் நாத்துக் கட்டு தூக்கிப் போட்டுகினு இருந்தேன். உங்கம்மாவ பாத்து கண்ணக் காட்னேன். அவ்ளோதான். ரெண்டு செருப்புலயும் சேத்த அப்பி, நாத்த வரிசையா நட்டுட்டா. நல்லா நட்டா. அவ கை அப்டி.”

“அய்யய்யோ” என்றார் மீன்கார அம்மா.

“அவரு வந்தாரு. ‘ஐயா, இன்னிக்கு ஒரு எடத்துலகூட இடைவெளி இல்லீங்க’ன்னேன். செருப்ப பாத்தாரு. என்னைத் தொரத்திகினு வரப்புல ஓடியாந்தாரு. சறுக்கி, நட்ட வயல்லயே ஒக்காந்துட்டாரு. எழுந்து போனப்புறம் பாத்தா, மொத்த வயல்லயும் அவரு ஒக்காந்த எடத்துல மட்டுந்தான் இடைவெளி.”

வளையல்காரர் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை, கீழே படுத்தே சிரித்தார். மீன்கார அம்மாவுக்கு வெற்றிலை புரையேறியது. பூனைகள் ஓடிவிட்டன. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கடைசியில் கேட்டேன், “அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்பால இன்னா? நாளைலேர்ந்து வராதன்னுட்டாரு. அதான் கம்பெனிக்கு வந்தேன்.”

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். “மழை இல்லாமத்தான் கம்பெனிக்குப் போனதா சொன்னீங்க.”

“மழையும் இல்ல” என்றார் நைனா.

அந்த ஒரு வருஷம் வீட்டில் ஒருவேளைதான் அடுப்பு எரிந்தது. எனக்கு அது நினைவிருக்கிறது. அம்மாவும் நைனாவும் சில நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் காரணமே இல்லாமல் சிரித்ததும் நினைவிருக்கிறது. பசியில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் பயந்திருக்கிறேன். செருப்பில் நட்ட நாற்றை நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

நைனா சொன்னது முழுவதையும் ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். “எச்சில் தொட்டு எழுதும்மா, அப்பத்தான் நிக்கும்” என்றார். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினேன். எழுத்து ஊதா நிறத்தில் பளிச்சென்று வந்தது. எழுதி முடித்ததும், அறுபத்திரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து, ஓரத்தோடு சேர்த்து வாசிக்கச் சொன்னார். தன் கதையை யாரோ சொல்லி முதல் தடவை கேட்கிறவர் மாதிரிச் சிரித்தார். “இப்ப இவன் நம்ப ஆளு” என்று சொல்லிவிட்டுப் பென்சிலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். வளையல்காரரும் நாக்கில் வைத்துப் போட்டார். மீன்கார அம்மா கட்டைவிரலில் பென்சிலைத் தேய்த்து, எச்சில் தொட்டு, மூன்று புத்தகத்திலும் கைநாட்டு வைத்தார்.

தலைமையாசிரியர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது மணி ஒன்றரை. மீனவர் கதையை எடுத்துப் புரட்டியவர் அப்படியே நின்றார்.

“டீச்சர், இது என்ன? அச்சடிச்ச புத்தகத்தில யாரு கிறுக்கினது?”

“கமிட்டி, சார்.”

அவர் மேசை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். மை பரவியது. கைக்குட்டையைப் பானைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். நைனா, “சார், தண்ணி மட்டும் வோணாம், சார்” என்று ஆரம்பித்தார். தலைமையாசிரியர் கேட்கவில்லை. ஈரக் கைக்குட்டையை வைத்து ஒரு இழு இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியாமல் கிடந்த நாத்தனார், ஊதா நிறத்தில் கொட்டை எழுத்தில் எழுந்து நின்றாள்.

அடுத்து வளையல்காரரின் பக்கத்தைத் துடைத்தார். ‘வாங்க, பாருங்க’ பளபளத்தது. மூன்றாவதைத் திறந்து பார்த்துவிட்டு, அதைத் துடைக்கவே இல்லை. அந்தக் கைக்குட்டையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் நாலு பேரும் அவர் நெற்றியைப் பார்த்தோம்.

பாசஞ்சரில் வந்த கடை ஆள் மூன்று புத்தகத்தையும் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊதா நாக்கையும் பார்த்தார், தலைமையாசிரியரின் நெற்றியையும் பார்த்தார். “சார், இது உங்க புத்தகம்” என்று சொல்லிவிட்டு மீதி முப்பதை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கத்தில் தலைமையாசிரியர் நெற்றியில் இன்னும் லேசாக ஊதா இருந்தது. ஏதோ புது விரதம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். இருபத்தேழு புத்தகங்கள் உயரவாரியாக அலமாரிக்குள் நின்றன. இந்த மூன்றை மட்டும் அவர் வரிசையில் சேர்க்கவில்லை. “கெட்டுப்போன புத்தகத்துக்குப் பூட்டு எதுக்கு?” என்று ஜன்னல் ஓரத்தில் வீசிவிட்டார்.

அவர் எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான். பள்ளியிலேயே பிள்ளைகள் யாரையும் கேட்காமல் தொடக்கூடிய புத்தகங்கள் அந்த மூன்றுதான். தலைப்பு ஒப்பிக்கும் பெண் முதல் நாளே மூன்றையும் படித்துவிட்டாள். ஒரு மாதத்தில் அட்டை பிய்ந்தது. கூலி வேலைக்காரர் கதை அறுபத்திரண்டாம் பக்கத்தில் தானாகவே திறந்துகொள்ளும். ஏழாம் வகுப்பில் திடீரென்று சிரிப்பு வெடிக்கும், தலைமையாசிரியர் பிரம்போடு ஓடிவருவார், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் பள்ளி விட்ட பிறகு ஜன்னல் ஓரத்தில் அவரே அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் புத்தகத்தைக் கீழே போட்டார். ‘சப்’பென்று விழுந்தது. “பைண்டிங் சரியில்லை, டீச்சர்” என்றார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குச் செவ்வாப்பேட்டைப் பக்கம் மாற்றலானது. அங்கே நூலகப் பெட்டியைத் துழாவியபோது அதே புத்தகம் கிடைத்தது. புத்தம் புதிது, யாரும் பிரிக்காதது. அறுபத்திரண்டைத் திருப்பினேன். அவர் தலைகுனிந்து நின்று அழுதுகொண்டிருந்தார். ஓரம் வெள்ளையாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, செருப்பையும் நாற்றையும் இடைவெளியையும் ஒரு சொல் விடாமல் எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது நைனாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது நிஜமாகவே இருமல் வந்திருந்தது. இருமிக்கொண்டே கேட்டுவிட்டு, “இன்னாத்துல எழுதுன?” என்றார்.

“பேனாவுல.”

“பேனாவா? தண்ணி பட்டா பூடுமே” என்று முகம் சுளித்தார். எழுந்து போய் மாட்டியிருந்த சட்டைப் பையில் தேடி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்சில் துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

மறுநாள் முதல் வகுப்பில் நான் வருகைப் பதிவு எடுத்தபோது, பிள்ளைகள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது.